புளி ஜாடிக்குப் பின்னால்





போன வாரத் தபாலில் வந்த ஒரு கடிதம் இரண்டு நாளாக என் மேஜையை விட்டு நகரவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். ஐந்து வயது மகனுக்கு அடிக்கடி வீசிங். தினமும் இரண்டு வேளை கொடுக்கச் சொல்லி டாக்டர் ஓர் இன்ஹேலர் எழுதித் தந்திருக்கிறார். அதில் இருப்பது ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே பேச்சு. பிள்ளை வளரமாட்டான், எலும்பு தேய்ந்துவிடும், ஒருமுறை தொட்டால் ஆயுசுக்கும் விடமுடியாது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரோடு வாதாட முடியாமல் அந்த இன்ஹேலரைச் சமையலறையில் புளி ஜாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறார். சில நாள் அவருக்கே மனம் வராமல் விட்டுவிடுகிறார். கொடுத்த நாளும் பயம், கொடுக்காத நாளும் பயம் என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் இன்ஹேலர் இருந்தது பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில்.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கதை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இன்ஹேலர் தொடங்கி மூன்று மாதத்தில் இருமல் நின்றது, இரவில் நிம்மதியாகத் தூங்கினாள், பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடினாள். நன்றாகத்தானே இருக்கிறாள், இனி எதற்கு ஸ்டீராய்டு என்று நானாகவே நிறுத்திவிட்டேன். அடுத்த முறை டாக்டர் கேட்டபோது, கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய். அவள் நன்றாக இருந்ததே அந்த மருந்தால்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசி அடைமழை. நடுநிசி தாண்டி ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறியது, தொண்டைக்குழி உள்ளே போனது, விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்தது. "அம்மா" என்றாள். மூச்சு வாங்கினாள். பிறகுதான் "தண்ணி" என்றாள். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல அவளிடம் காற்று இல்லை. மழையில் ஆட்டோ பிடித்து ஓடினோம். முகமூடி கட்டி நெபுலைசர் வைத்தார்கள். விடிகிறவரை அந்த இயந்திரத்தின் இரைச்சலையும் அவள் மூச்சையும் மாறி மாறிக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வந்த இளம் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "எப்பம்மா நிறுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். அழுதுவிட்டேன். அவர் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். மகள் எடை 20 கிலோ. இன்ஹேலரில் அவளுக்கு ஒரு நாளைக்குப் போய்க்கொண்டிருந்த புடசோனைடு என்ற ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம். இப்போது மூச்சுத்திணறலுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் பிரட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். அதாவது 20,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் நூறு நாளில் போகும் அளவு, ஒரே நாளில். ஐந்து நாள் கொடுத்தால் ஐந்நூறு நாள் அளவு. அதுவும் நுரையீரலோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகும். இரண்டும் வேறு வேறு மருந்து, எடைக்கு எடை ஒப்பிடுவது முழுச் சரியல்ல என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும் எனக்கு விளங்கிவிட்டது. ஸ்டீராய்டு வேண்டாம் என்று பயந்து, அதைவிடப் பெரிய ஸ்டீராய்டின் வாசலில் நானே மகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

கும்பகோணத்து மாமியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் பயம் வெறும் வதந்தியல்ல. ஸ்டீராய்டு இன்ஹேலர் உலகத்தில் முதன்முதலாக வந்தது 1972 வாக்கில்தான். அது நம் ஊர் மருந்துக்கடைக்கு வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. அதற்கு முன் கடுமையான இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஸ்டீராய்டு என்றால் மாத்திரைதான். மாதக்கணக்கில் அதை விழுங்கிய பிள்ளைகளுக்கு முகம் உப்பியது, வளர்ச்சி நின்றது, எலும்பு பலவீனமானது. அந்தத் தலைமுறையின் கண்ணில் பட்டது அதுதான். அவர்கள் சொல்வது அந்தக் காலத்து மருந்துக்கு உண்மை. பெயர் அதேதான், அளவும் போகும் வழியும் மாறிவிட்டன. இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் போதும், ஒளித்து வைக்கவேண்டியிருக்காது.

அதற்காக இன்ஹேலரில் பக்கவிளைவே இல்லை என்று நான் எழுதமாட்டேன். உயரத்தைப் பற்றிய கவலைக்கு நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,041 பிள்ளைகளை நான்கு முதல் ஆறு ஆண்டு வரை கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. அதில் ஒரு பிரிவினர் தினமும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு எடுத்தார்கள். எடுக்காதவர்களைவிட அவர்கள் சராசரியாக 1.1 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். பெரும்பாலும் முதல் வருடத்தில் வந்த குறைவு அது. வருடாவருடம் கூடிக்கொண்டே போகவில்லை. அவர்கள் பெரியவர்களான பிறகு மறுபடியும் அளந்து 2012-இல் வெளியிட்டபோது வித்தியாசம் 1.2 சென்டிமீட்டர். விரல் அகலம்கூட இல்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதைத் தராசின் மறுதட்டில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கதவு நிலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பென்சில் கோடு போட்டு, தேதியும் எழுதினோம். கோடு ஏறிக்கொண்டே போனதைப் பார்க்கப் பார்க்க என் பயம் இறங்கியது.

மற்றவை: வாயில் வெள்ளைப் படலம் வரலாம், குரல் கம்மலாம். ஸ்பேசர் என்கிற அந்தக் குழலை வைத்துக் கொடுத்து, முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் செய்தால் பெரும்பாலும் வராது. அதிக அளவில் நெடுநாள் கொடுக்கும்போது உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறையலாம். அதனால்தான் டாக்டர் தேவையான மிகக் குறைந்த அளவைத் தேடுகிறார். அதனால்தான் நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அவசரத்துக்கு இழுக்கும் சால்பியூட்டமாலில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதையே சிரப்பாகக் கொடுத்தால் வேலை மெதுவாகவும் படபடப்பு அதிகமாகவும் இருக்கும். "பழக்கமாகிவிடும்" என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. மூன்று மாதம் போல நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரே பார்ப்பார்.

ஆஸ்துமாவுக்குத் தரும் இன்னொரு மருந்தைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாண்டெலூகாஸ்ட். நம் வீடுகளில் தும்மலுக்கும் சளிக்கும்கூட லெவோசெட்ரிசினோடு சேர்ந்த சிரப்பாக வந்து போகிறது. இதை எடுக்கும் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, திடீர் கோபம், மனச்சோர்வு வருகிறது. அரிதாகத் தற்கொலை எண்ணமும் வந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் தன்னிடம் உள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்தின் மேல் பதித்தது. அதற்கு முன்பே, மருந்து தொடங்கியதிலிருந்து என் பிள்ளை என் பிள்ளையாக இல்லை என்று பெற்றோர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019-இல் அந்த அமைப்பின் கூட்டத்துக்கே போய்ப் பேசினார்கள். இதைச் சொல்வது உங்களை மிரட்டுவதற்காக அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பிள்ளையின் தூக்கத்தையும் குணத்தையும் தாயைவிட நன்றாக அறிந்தவர் யார்? நீங்கள் கண்ட மாற்றத்தைச் சின்ன விஷயம் என்று விழுங்கிவிடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயப்படுங்கள், ஆனால் வாய்விட்டுப் பயப்படுங்கள். அந்தப் பெற்றோர்கள் தங்கள் பயத்தை உரக்கச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை பிறந்தது. நான் என் பயத்தைப் பீரோவில் பூட்டியதால் என் மகள் மூச்சுக்குத் தவித்தாள்.

2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகத்தின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கிடைக்காத மருந்து உண்டு, வாங்க முடியாத மருந்து உண்டு. கையில் இருந்தும் கொடுக்கப்படாத மருந்தும் உண்டு. இன்ஹேலருக்குப் பயந்து, பெயரோ சேர்மானமோ எழுதாத பொடியை வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டையே கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கொடுக்கிற உங்களுக்கும் தெரியாது.

ஆகவே அடுத்த முறை போகும்போது நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்த மருந்து தினமும் கொடுப்பதா, இழுப்பு வந்தால் மட்டும் கொடுப்பதா? ஒரு நாளைக்கு எத்தனை மைக்ரோகிராம் போகிறது? என்ன மாற்றம் தெரிந்தால் உங்களைக் கூப்பிடவேண்டும்? எப்போது குறைத்துப் பார்ப்போம்? டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். காத்திருப்பவர்கள் வாசல்வரை நிற்பது தெரியும். ஆனாலும் சீட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டுக்காட்ட இரண்டு நிமிடம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிடம் என் வீட்டில் பல வருடம் வேலை செய்தது.

இன்னும் ஒன்று, இதில் யோசனைக்கே இடமில்லை. அவசர இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். பிள்ளையால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், விலா உள்வாங்கினால், உதடு நீலம் பூத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கும்பகோணத்துத் தங்கைக்கு: அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும்; பேரன் மேல் உள்ள பாசம்தான் அவரைத் தடுக்கிறது. வந்ததும் இன்ஹேலரைப் புளி ஜாடிக்குப் பின்னாலிருந்து எடுத்து, பிள்ளையின் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையும் இரவும் முதலில் இன்ஹேலர், பிறகு பிரஷ். வாய் கொப்பளிப்பதும் அதோடு முடிந்துவிடும். மறக்காமலும் இருக்கும், ஒளித்து வைத்த பொருளாகவும் இராது.

கதவு நிலையில் இன்றே ஒரு கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த கோட்டைப் பாட்டியின் கையால் போடச் சொல்லுங்கள். அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்