ஓட்டை என்றதும் கைவிடலாமா?

“குட்டிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையாம். பிழைக்காது, விட்டுவிடுங்கள்.” பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த அறிவுரை சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. இதை நம்பிக் கைவிட்டால், நன்றாக வாழக்கூடிய குட்டியையும் இழந்துவிடுவோம். இந்த அறிவுரைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் கேட்டது, அப்படியானால் இதயத்தில் பழுது.’ அவசியமில்லை. பழுதே இல்லாத குட்டிகளிடமும் மெல்லிய இரைச்சல் கேட்பதுண்டு. வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். பயத்தில் இதயம் படபடக்கும்போது மட்டும் கேட்கும் இரைச்சலும் உண்டு. பழுது இருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்பதை எக்கோ பரிசோதனைதான் காட்டும்.

‘சத்தம் பலமாக இருந்தால் ஓட்டை பெரிது.’ பல நேரம் உண்மை நேர்மாறானது. பூனைகளிடம் அதிகம் காணப்படும் பிறவி இதயக் குறைகளில் ஒன்று, இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருக்கும் துளை. துளை சிறிதானால் ரத்தம் அழுத்தத்தோடு பீறிடும், சத்தம் பலக்கும். பெரிதானால் இரண்டு அறைகளின் அழுத்தமும் நெருங்கிவிடும், சத்தம் தணியலாம்.

‘ஓட்டை இருந்தால் ஆயுள் இல்லை.’ சிறிய துளையோடு, மருந்தே இல்லாமல், முழு ஆயுளும் வாழும் பூனைகள் உண்டு. பெரிய துளையும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளும் இளம் வயதிலேயே உயிரைப் பறிக்கலாம் என்பதும் உண்மை. அதனால்தான் எந்தக் குறை, எந்த அளவு என்று அறியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

‘சிகிச்சையே கிடையாது.’ கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் குழாய், பிறந்தபின் மூடாமல் நின்றுவிடுவதுண்டு. பூனைகளிடம் இது அரிது. ஆனால் காலத்தோடு கண்டறிந்தால் அறுவை சிகிச்சையில் மூடிவிடலாம். இதயம் திணறி நுரையீரலில் நீர் கோத்தால், அதை வடிக்க ஃபியூரோசமைடு போன்ற மருந்துகள் உள்ளன.

‘வீட்டில் நாம் செய்ய என்ன இருக்கிறது?’ நிறைய இருக்கிறது. பூனை நோயை மறைத்துக்கொள்ளும். இதயம் தளர்ந்தாலும் பெரும்பாலும் இருமாது. ஆகவே அது நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ, பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்தாலோ உடனே கொண்டுபோங்கள். மயக்க மருந்து தரும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் இதயக் குறையைச் சொல்லிவிடுங்கள். நம் வீட்டுப் பாராசிட்டமாலை மட்டும் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம். குறையுள்ள பூனையை இனப்பெருக்கத்துக்கும் விடாதீர்கள்.

எல்லாக் குட்டிகளையும் காப்பாற்ற முடியாது. ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் ஒரு குட்டியைக்கூடக் கைவிடுவது நியாயமில்லை.