எந்தக் காப்பி என்று எழுதி விற்போம்

என் வீட்டுப் பால்கனியில் ஒரு காப்பிச் செடி நிற்கிறது. எட்டு வருடங்களுக்கு முன் கூடலூர்ப் பக்கம் போயிருந்தபோது நண்பர் ஒருவர் கைப்பையில் வைத்துக் கொடுத்தனுப்பிய நாற்று அது. சென்னை வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது என்றார்கள். தாங்கியது. ஐந்தாம் வருடம் கணுவுக்குக் கணு வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை நினைவூட்டும் வாசனையோடு இரண்டு நாள் நின்று உதிர்ந்தது. காய் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மறு வருடமும் அதே கதை. தொட்டியை மாற்றினேன், உரத்தை மாற்றினேன், போரான் தெளித்துப் பார்த்தேன். நம் வாடிக்கையாளர் யாராவது இப்படிச் செய்தால் கடை வாசலில் நின்று சிரித்திருப்போம். ஏழாம் வருடம்தான் அந்த அகலமான, அலையலையாக மடிந்த வெளிர்பச்சை இலையை ஒழுங்காகப் பார்த்தேன். ரொபஸ்டா. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம். துணையில்லாமல் தனியாக நிற்கும் ரொபஸ்டா எத்தனை முறை பூத்தாலும் காய்க்காது.

இத்தனை வருடம் தொழிலில் இருக்கும் எனக்கே இது உறைக்க ஏழு வருடம் ஆனது. அட்டையில் ‘காப்பிச் செடி’ என்று மட்டும் எழுதி விற்கிறோமே, அதை வாங்கிப் போகிறவருக்கு எப்போது உறைக்கும்?

வீட்டுக்குள் வைக்கும் செடிகளின் வரிசையில் காப்பி சேர்ந்துவிட்டது. மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, பீஸ் லில்லி என்று அடுக்கிய பலகையில் இப்போது பளபளக்கும் நாலு இலையோடு காப்பி நாற்றும் இருக்கிறது. மலைப் பக்கத்திலிருந்து மொத்தமாக வரும் நாற்றில் அரபிகா எது, ரொபஸ்டா எது என்று வாங்கும்போது நாம் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. எஸ்டேட்காரரிடம் போய் ‘காப்பி நாற்று வேண்டும்’ என்று சொன்னால் முதலில் அவர் கேட்கும் கேள்வியே அதுதான். நாம்தான் அந்தக் கேள்வியை வழியில் தொலைத்துவிட்டோம்.

இரண்டும் ஒன்றுவிட்ட உறவுதான், ஆனால் குணம் வேறு. அரபிகாவின் தாயகம் தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடு. பெரிய மரங்களின் நிழலுக்கடியில் வளர்ந்த புதர். 15 முதல் 25 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது. ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் சில்வர் ஓக் நிழலில் அது செழிப்பதற்குக் காரணம் அதுதான். ரொபஸ்டா ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்தது. 20 முதல் 30 டிகிரி வரை தாங்கும், புழுக்கத்தை வரவேற்கும். அரபிகாவின் செல்லில் 44 குரோமோசோம், ரொபஸ்டாவில் 22. தன் பூவின் மகரந்தத்திலேயே அரபிகா காய்த்துவிடும். ஒரு செடி போதும்.

நமக்குச் சிக்கல் இங்கேதான். சென்னைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் ஒத்துப்போகும் காப்பி தனியாகக் காய்க்காது. தனியாகக் காய்க்கும் காப்பி இந்த ஊர்களின் மே மாதத்தைக் கண்டு சுருங்கும். கோயம்புத்தூரில் நிலைமை கொஞ்சம் தேவலை. பெங்களூருக்கு அனுப்புகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், அரபிகாவையே கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். ஊட்டிக் கடைக்காரர்கள் மட்டும் உறைபனிக் காலத்தில் செடியை வெளியே வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு செடி போதும் என்ற அந்த அரபிகா குணம் உலக வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1706இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குக் கப்பலில் ஒரு காப்பிச் செடி வந்தது. கணப்பு வைத்த கண்ணாடிக் கூடத்தில் அதை வளர்த்தார்கள், காய்த்தது, கன்றுகள் எடுத்தார்கள். 1714இல் அதில் ஒன்று பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகப் போய், பாரிஸில் அரச தோட்டத்துக் கூடத்தில் நின்றது. 1720களில் அந்த வழியில் வந்த நாற்று ஒன்றை கப்ரியேல் தெ கிளியூ என்ற கடற்படை அதிகாரி மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். நடுக்கடலில் குடிநீர் அளந்து கொடுக்கப்பட்டபோது தன் பங்கிலிருந்து செடிக்கு ஊற்றியதாக அவரே பின்னாளில் எழுதினார். கரீபியத் தீவுகளிலும் தென் அமெரிக்காவிலும் பரவிய காப்பியில் பெரும்பகுதி இப்படிக் கூடத்துத் தொட்டியில் நின்ற ஒன்றிரண்டு செடிகளின் வாரிசு. ஆக, வீட்டுக்குள் காப்பி வளர்ப்பது புது மோஸ்தர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முந்நூறு வருடத்துப் பழக்கம் அது. ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த அந்தச் செடி மட்டும் ரொபஸ்டாவாக இருந்திருந்தால் பூத்து உதிர்ந்து அங்கேயே முடிந்திருக்கும், என் பால்கனிச் செடியைப் போல.

அந்தக் கூடத்தில் பகை குளிர். நமக்குப் பகை வெப்பமும் ஏ.சி.யின் வறட்டுக் காற்றும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய பராமரிப்புக் குறிப்பை அப்படியே தமிழாக்கி அட்டையில் அச்சடிப்பதை இனியாவது நிறுத்த வேண்டும். ‘நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம்’ என்று அவர்கள் எழுதுவது லண்டன் வெளிச்சத்தை மனத்தில் வைத்து. சென்னையில் மேற்கு ஜன்னலில் வைத்தால் ஒரே வாரத்தில் இலை பழுப்பு வட்டமாகக் கருகும். கிழக்கு ஜன்னல் நல்லது. காலை வெயில் இரண்டு மணி நேரம் படலாம், அதற்குமேல் மெல்லிய திரை வேண்டும். அதே சமயம், நிழல் விரும்பி என்று கேள்விப்பட்டு சோபாவுக்குப் பின்னால் மூலையில் கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. எஸ்டேட் நிழல் என்பது ஆகாயம் தெரியும் நிழல். வீட்டு மூலை அதைவிடப் பல மடங்கு இருட்டு.

அந்த இருட்டு என்ன செய்யும் என்பதை நாமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். காப்பிச் செடியில் இரண்டு விதமான வளர்ச்சி. நடுத்தண்டு நேராக மேலே போகும்; பக்கக் கிளைகள் படுக்கையாகப் போகும். பூவும் காயும் படுக்கைக் கிளையில்தான். நடுத்தண்டின் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் படுக்கைக் கிளை கொடுக்கும் மொட்டு ஒன்றே ஒன்று. அந்தக் கிளை வெளிச்சமில்லாமல் காய்ந்து உதிர்ந்துவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு முறை வராது. அங்கிருந்து இனி வருவதெல்லாம் மேல்நோக்கி எழும் குருத்துதான். கீழே மொட்டையாகி, உச்சியில் மட்டும் குடை பிடித்த செடியை வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்து ‘உரம் போட்டால் கீழே துளிர்க்குமா?’ என்று கேட்பார். துளிர்க்காது. வேர் நன்றாக இருந்தால் நடுத்தண்டை ஓர் அடி உயரத்தில் கவாத்து செய்து, எழும் குருத்துகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். புதுத் தண்டு புதுக் கிளைகளைக் கொண்டுவரும். இரண்டு வருடப் பொறுமை வேண்டிய வேலை.

பதியன் எடுப்பவர்களுக்கும் இதே பாடம். படுக்கைக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் அது கடைசிவரை படுத்தே வளரும். எவ்வளவு குச்சி கட்டினாலும் நிமிராது. நேர்க் குருத்திலிருந்து எடுக்காத குச்சியைச் செடி என்று விற்பது ஏமாற்று வேலை.

விதைக்கு வருகிறேன். பறித்த பழத்தின் தோலை நீக்கி, நிழலில் உலர்த்திய விதையை இரண்டு மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாள் ஆக ஆக முளைப்பு மளமளவென்று சரியும். கடையில் விற்கும் பச்சைக் கொட்டையைப் போட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மேட்டுப் பாத்தியில் விதைத்தால் 45 நாள் வாக்கில் முளை தலை தூக்கும். வித்திலை விரிந்ததும் பைக்கு மாற்றலாம். ஆறு பங்கு காட்டு மண், இரண்டு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு மணல் என்பது எஸ்டேட் கணக்கு. காட்டு மண் கிடைக்காத நாம் செம்மண்ணோடு நார்க்கழிவு சேர்க்கலாம், ஆனால் நார்க்கழிவையே மண்ணாக்கிவிடக் கூடாது. அதில் வளர்ந்த நாற்று வாடிக்கையாளர் வீட்டு மண்ணுக்கு மாறும்போது தத்தளிக்கும். மாற்றும்போது ஆணிவேர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கிய வேரோடு பைக்குள் போன நாற்று முதல் வருடம் அழகாக இருக்கும், மூன்றாம் வருடம் காரணம் தெரியாமல் நிற்கும். அழகுக்காக ஒரே சிறு தொட்டியில் ஐந்தாறு நாற்றைக் கொத்தாக நட்டு விற்கும் ஐரோப்பிய வழக்கம் இங்கும் தலை காட்டுகிறது. மேஜையில் வைக்க நன்றாக இருக்கும்தான். பிரித்து நட வேண்டும் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

ரகம் கேட்டால், தொட்டிக்கு என் ஓட்டு சந்திரகிரிக்கு. பாலெஹொன்னூரில் உள்ள மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையம் 2007இல் வெளியிட்ட குட்டை அரபிகா. கணுக்கள் நெருங்கி அடர்த்தியாக வரும், இலைத்துரு நோயையும் தாங்கும். பழைய எஸ்.795 சுவைக்குப் பேர் போனது, ஆனால் நெட்டையாகப் போகும். ஃபிளாட் பால்கனிக்கு அது சிரமம்.

தண்ணீர் விஷயத்தில் காப்பி நம்மை மிரட்டும் செடி. கொஞ்சம் காய்ந்தாலும் இலையெல்லாம் ஈரத்துணிபோலத் தொங்கிவிடும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். இந்த நாடகத்தைப் பார்த்துப் பயந்து தினமும் ஊற்றுகிறவர்கள்தான் வேரை அழுக விடுகிறார்கள். மேல்மண் விரல் கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். என்ன தண்ணீர் என்பது அதைவிட முக்கியம். சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் செடிக்கு நம் போர் தண்ணீரின் உப்பு ஆகாது. இலை விளிம்பு கருகுவதும், நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது மஞ்சளாவதும் பெரும்பாலும் அதனால்தான். மழைத்தண்ணீர் சிறந்தது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதையும் கலந்து ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் இதற்கு ஊற்றவே கூடாது. வீணாகக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அதில் வடிகட்டி ஒதுக்கிய உப்பு அத்தனையும் இருக்கிறது. அதேபோல ஃபில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கையைக் காப்பிச் செடிக்கே போடும் ஆசை. சக்கை தொட்டி மண்மேல் ஏடாகப் படிந்து தண்ணீரை இறங்க விடாது. குப்பைக் குழியில் மக்க வைத்துப் போடச் சொல்லுங்கள்.

பூக்க வைப்பதற்கு எஸ்டேட் சொல்லித் தரும் ஒரு வித்தை இருக்கிறது. குளிர்காலத்தில் மொட்டு உருவாகி உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் பூ மழை ஒன்று பெய்தால் ஒரு வாரம், பத்து நாளில் மலையே வெளுத்துவிடும். மழை வராத வருடம் தெளிப்பான் போட்டு அந்த மழையை எஸ்டேட்காரர்களே பெய்விக்கிறார்கள். தொட்டியிலும் இது நடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும் அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே நாளில் குளிர நனைத்தால் மொட்டு விழிக்கும். மூன்று, நாலு வயதான செடிக்குத்தான் இது. சிறு நாற்றைப் பட்டினி போட வேண்டாம். வெப்பம் கடுமையான இடத்தில் பூ சரியாக விரியாமல் பச்சையாக நட்சத்திர வடிவில் நின்றுவிடும், அது காய்க்காது. காய் பிடித்த பிறகு அரபிகா பழுக்க எட்டு, ஒன்பது மாதம்.

எவ்வளவு கிடைக்கும்? பதினைந்து கிராம் தூளுக்கு ஐம்பது, அறுபது பழம் வேண்டும். வீட்டுச் செடி ஒரு வருடத்தில் அவ்வளவு கொடுத்தாலே கொண்டாடலாம். ‘உங்கள் காப்பியை நீங்களே விளைவியுங்கள்’ என்ற வாசகத்தை நம் பலகைகளிலிருந்து இறக்கிவிடுவோம். காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற வாசகத்தையும் சேர்த்து. எல்லோரும் காட்டும் அந்த 1989 நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. அதில் சோதித்த செடிகளில் காப்பி கிடையாது.

பூச்சியில் மாவுப்பூச்சியும் பச்சைச் செதிள் பூச்சியும்தான் வீட்டுக்குள் வரும். எறும்பு ஏறினால் அவை இருக்கின்றன என்று அர்த்தம். இலைக்கு அடியில் சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ போதும். 1898இல் காப்பியின் செதிள் பூச்சிக்காகவே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கிரிப்டோலேமஸ் வண்டு இன்றும் நம் தோட்டங்களில் மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் குட்டி வெள்ளைப் பஞ்சுபோல இருப்பதால் மாவுப்பூச்சி என்றே நினைத்து நசுக்கிவிடுகிறோம், பாவம். நாய், பூனை வளர்க்கும் வீட்டாரிடம் இலையிலும் கொட்டையிலும் காஃபீன் இருப்பதைச் சொல்லி உயரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

ரொபஸ்டாவை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சமவெளி நகரத்தில் பசுமைக்காக மட்டும் கேட்கிறவருக்கு அதுவே நல்ல செடி. காயும் வேண்டும் என்றால் இரண்டாக விற்போம். இரண்டும் ஒரே தாய்ச்செடியின் குச்சியிலிருந்து வந்தவையாக இருக்கக் கூடாது. பூத்த அன்று காலை தூரிகையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடவ வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். என் செடிக்கும் போன மாதம் ஒரு துணை வாங்கி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் விதைப்புக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையங்களில் விதைக்கு முன்கூட்டியே பதிந்து வையுங்கள். நாற்றை மொத்தமாக வாங்குகிறவர்கள் இனம் எழுதிய ரசீது இல்லாமல் லாரியை இறக்க வேண்டாம். நம் கடை அட்டையில் இனம், ரகம், விதைத்த மாதம் என்று மூன்று வரி எழுதுவதற்கு ஒரு பேனா போதும்.