அழுகலுக்கு மேல் விரித்த கார்ப்பெட்

இன்னொரு கின்ட்சுகி கட்டுரையை என்னால் வாசிக்க முடியாது. உடைந்த ஜப்பானியக் கிண்ணம், விரிசலில் ஒரு பொற்கோடு, கடைசிப் பத்தியில் காயங்களைப் பற்றி ஒரு தத்துவம். நாமெல்லோரும் குறைந்தது நாலு வாசித்திருப்போம். அந்தக் கலை மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அரக்கும் பொன்தூளும் வைத்துப் பொறுமையாகச் செய்கிறவர்கள் செய்யட்டும். என் புகார் நம் மேல்தான். 'பழுதுபார்த்தல்' என்பதை இலக்கிய வட்டாரத்தில் ஒரு பூஜைச் சொல்லாக்கிவிட்டோம். அதைச் சொன்னதும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இது ஏன் பழுதாச்சு, இப்படிப் பழுதாகும்படி யார் கட்டினது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் இதைக் கேட்க ஆரம்பித்தது மிச்சிகனில், என் கராஜில், ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு.

படகு 1986-இல் கட்டியது. 17 அடி. ஏரிகளுக்கு நடுவில் குடியிருக்கிறோம், மகளுக்கு ஆறு வயதாகிறது, ஒரு படகு இருந்தால் என்ன என்று தோன்றியது. விற்றவர் நல்லவிதமாகப் பேசினார். "ஃபைபர்கிளாஸ் அழுகாது. அந்தக் காலத்துப் படகு, கனமாகக் கட்டியிருப்பார்கள்" என்றார். உள்ளே புத்தம் புதிய சாம்பல் நிறக் கார்ப்பெட். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம். வாங்கிவிட்டேன்.

இரண்டாவது வாரம், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மகள் குதித்தாள். தரை கொஞ்சம் அமுங்கி எழுந்தது. "அப்பா, இங்க ட்ராம்போலின் மாதிரி இருக்கு" என்றாள். கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிழித்தேன். அடியில் பிளைவுட் இருந்த இடத்தில் ஈரமான காப்பித்தூள் மாதிரி ஏதோ இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், அழுத்தாமலே கைப்பிடி வரை இறங்கியது.

விற்றவர் சொன்ன வாக்கியத்தில் பொய் இல்லை என்பதுதான் விஷயம். ஃபைபர்கிளாஸ் அழுகாதுதான். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் பூஞ்சைக்குச் சாப்பாடு ஆகாது. ஆனால் அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகளில் ஏராளமானவை முழுக்க ஃபைபர்கிளாஸால் ஆனவை இல்லை. வெளி ஓடு மட்டும்தான் அது. உள்ளே நீளவாக்கில் முன்னிருந்து பின் வரை ஓடும் விட்டங்கள், அதாவது ஸ்ட்ரிங்கர்கள், மரம். அதன்மேல் பாவிய தரை பிளைவுட். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையான ட்ரான்ஸமின் உள்ளீடும் பிளைவுட். ஓடு மெல்லியது, வேகத்தில் ஒவ்வொரு அலையும் அடியில் சுத்தியல் மாதிரி அறையும். அந்த அறையை வாங்கிப் பரப்பி, ஓடு வளையாமல் பிடித்துவைப்பது ஸ்ட்ரிங்கர்கள்தான். தரையும் ஓடும் ஸ்ட்ரிங்கரும் சேர்ந்து ஒரு பெட்டி. பெட்டியின் சட்டம் போய்விட்டால் மிச்சம் இருப்பது பளபளப்பான ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் என் மகளை உட்காரவைத்து மணிக்கு நாற்பது மைல் போயிருக்கிறேன்.

"முப்பத்தைந்து வருஷமாச்சு, எந்தப் பொருள்தான் நிக்கும்?" என்று ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் தரையை வெட்டி எடுத்தேன். ஓட்டிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, அடியிலிருக்கும் ஓட்டைத் தொட்டுவிடாதபடி ரம்பத்தின் ஆழத்தைக் குறைத்துவைத்து வெட்ட வேண்டும். உள்ளே பார்த்ததை வயசு என்று என்னால் எழுத முடியவில்லை.

இருக்கைகளைப் பிடிக்கும் திருகாணிகளை நேராகத் தரையில் துளை போட்டு முடுக்கியிருந்தார்கள். துளையின் உட்சுவரில் ஒரு சொட்டு ரெசின்கூட இல்லை. ஒவ்வொரு திருகாணியும் மழைத் தண்ணீருக்கு ஒரு குழாய். ஸ்ட்ரிங்கரின் பக்கவாட்டில் கண்ணாடித் துணி ஒட்டியிருந்தது. அடிவிளிம்பும் வெட்டுமுனைகளும் பச்சை மரமாக அப்படியே இருந்தன. தண்ணீர் ஓட வெட்டிய துளைகளிலும் அதே கதை: தண்ணீர் போகவேண்டிய வழியிலேயே மரம் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், இடைவெளிகளில் ஊற்றிய நுரை.

நுரைக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 1971-இல் அமெரிக்காவில் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையொட்டி வந்த விதிகள், 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் முழுகிப்போகக் கூடாது என்றன. உயிர் காக்கிற விதி, நான் வணங்குகிறேன். ஒரு கன அடி பாலியூரித்தேன் நுரை ஏறக்குறைய 2 பவுண்டு எடை, தண்ணீருக்குள் 60 பவுண்டு வரை தாங்கும். ஆனால் அதைத் தரைக்கடியில் வடிகால் இல்லாமல் ஊற்றி மூடினால்? உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. மிச்சிகன் குளிரில் அது உறையும், உருகும், மறுபடி உறையும், நுரையின் கண்ணறைகள் உடையும். நான் வெட்டியெடுத்த ஒரு கன அடித் துண்டைக் குளியலறைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்குள் இருக்கவேண்டியது பதினான்கு கிலோ. மூழ்காமல் காக்க வைத்த பொருள் படகை உள்ளேயிருந்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது, கூடவே மரத்துக்கு வருஷம் முழுக்க ஈர ஒத்தடமும் கொடுத்தது.

"அப்போ யாருக்கும் தெரியாதுப்பா" என்பது அடுத்த வாதம். தெரியும். மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் மிதமான சூடும் போதும் என்பது மரப்படகு கட்டியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன் என்பதும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கப்பல் தளங்களில் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே காற்றோட ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அவ்வளவு அறிவும் கையில் இருந்தது. ஃபைபர்கிளாஸ் வந்ததும் ஓட்டை வழவழப்பாக்கி, அறிவை உள்ளே போட்டு மூடிவிட்டார்கள். ஏனென்றால் வாங்குகிறவன் ஓட்டைத்தான் தடவிப் பார்க்கிறான். திருகாணித் துளைக்குள் ரெசின் தடவ ஆகும் அரை நிமிஷம் எந்த ஷோரூமிலும் தெரியாது.

ஆகவே, நண்பர்களே, 'அந்தக் காலத்துப் பொருள் அந்தக் காலத்துப் பொருள்தான்' என்று உருகுவதைக் கொஞ்சம் நிறுத்துவோம். அந்தக் காலத்தில் கட்டியதில் இன்று கண்முன் நிற்பவை தப்பிப் பிழைத்தவை. அழுகியவை எப்போதோ குப்பைமேட்டுக்குப் போய்விட்டன, அவை வந்து சாட்சி சொல்லாது.

ரிப்பேரையும் சொல்லிவிடுகிறேன், அதில் பொற்கோடு எங்கே வருகிறது என்று நீங்களே பாருங்கள். முதலில் ஓட்டுக்கு அடியில் சமமாக முட்டுக்கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிங்கரை எடுத்ததும் ஓடு தொங்கி உருமாறினால் அந்த உருவத்திலேயே நிரந்தரமாக ஒட்டிவிடும். பழைய துணியின் மிச்சத்தையெல்லாம் கிரைண்டரால் தேய்த்து, சுத்தமான கண்ணாடி தெரியும் வரை போக வேண்டும். அந்தத் தூள் முகமூடி, கையுறை, முழு உடுப்பு எல்லாவற்றையும் தாண்டித் தோலுக்குள் போகும். மூன்று நாள் அரிப்பு. பச்சைத் தண்ணீரில்தான் முதலில் குளிக்க வேண்டும், இல்லையென்றால் தோலின் துளைகள் திறந்து இன்னும் உள்ளே போகும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். புது ஸ்ட்ரிங்கரை ஓட்டின் வளைவுக்குச் செதுக்கி, எல்லாப் பக்கமும் எபாக்சி குடிக்கவைத்து, அல்வா பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சிப் படுக்கையில் உட்காரவைத்து, மூலைகளை உருட்டி, அதன்மேல் கண்ணாடித் துணியை நாலு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம் என்று அகலத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஓட்டோடு பிணைக்க வேண்டும். விலை கூடிய மரைன் பிளைவுட் வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அதன் அடுக்குகளுக்குள் பொந்து இருக்காது, அவ்வளவுதான். ஈரத்தில் விட்டால் அதுவும் அழுகும்.

ஐந்து மாத வாரயிறுதிகள். எனக்கு எந்தத் தியானமும் கைகூடவில்லை. முதுகுவலி வந்தது. எல்லாம் முடிந்து தரையை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், அது வலுவானது. "வாங்கு, வீசு என்கிற உலகத்தில் ரிப்பேர் செய்வதே ஒரு எதிர்ப்புதானே? அதைப் போய் ஏன் திட்டுகிறாய்?" நான் அந்தப் படகை வீசவில்லை, ரிப்பேர் செய்தேன். இன்னொன்றையும் செய்வேன். ஆனால் கை தவறி விழுந்த கிண்ணமும் இந்தப் படகும் ஒன்றில்லை. கிண்ணத்தைச் செய்தவர் சரியாகச் செய்தார், விபத்து உடைத்தது. படகு தொழிற்சாலையை விட்டு வரும்போதே உடைந்திருந்தது, தெரிய வருவதற்கு இத்தனை வருஷம் ஆனது. இரண்டுக்கும் ஒரே மாலையைப் போட்டால் படகு கட்டியவன் கைதட்டிக்கொண்டே போய்விடுவான். அவன் மிச்சம் பிடித்த அரை நிமிஷத்துக்கு நான் ஐந்து மாதம் கொடுத்தேன். அதை என் 'பயணம்' என்று எழுதினால் அவனுக்கு நானே ரசீது கிழித்துக் கொடுத்த மாதிரி.

இது அமெரிக்க ஏரிகளின் கதை மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடற்கரைக்கு ஃபைபர் படகுகள் வெள்ளமாக வந்தன. கட்டுமரம் போன இடத்தில் ஃபைபர். உதவ வந்தவர்களின் அவசரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படகுக்கான கிராக்கியில் புதுப்புது யார்டுகள் முளைத்தன, தரம் குறைந்த படகுகளும் சேர்ந்தே வந்தன. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வரை அந்தக் கவலை பேசப்பட்டது. ஒப்படைப்பு விழாப் படத்தில் பெயிண்ட் தெரியும், ஓட்டில் எத்தனை அடுக்குத் துணி என்பது தெரியாது. அது கடலுக்குள் போகிறவருக்குத்தான் தெரிய வரும், அதுவும் கரை தெரியாத தூரத்தில்.

இதையெல்லாம் நீட்டி முழக்குகிற நான் யார்? பதிமூன்று வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி ஒரு பிழை வந்தது. காரணம் தெரியவில்லை. அதைப் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடுகிற நாலு வரியை எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். டெமோ பிரமாதம். கார்ப்பெட் விரித்தாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரிலிருந்து ஒரு பெண் அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் செலவழித்தார். கூட்டத்தில் அவரை 'ஹீரோ' என்றார்கள், நானும் கைதட்டினேன். அந்த வரிகளை எழுதினது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ரிப்பேரைக் கொண்டாடுவது எவ்வளவு வசதியானது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். படகுக்குள் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

அதனால் பழுதுபார்ப்பவரைப் பாராட்டுங்கள், அந்தப் பாராட்டுப் பேச்சில் மறக்காமல் இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: இது உனக்கு ஏன் வேலையாக வந்து சேர்ந்தது? பதில் 'வயசு' என்றால் சரி. பதில் ஒரு ஆளாகவோ அவசரமாகவோ மிச்சம் பிடித்த காசாகவோ இருந்தால், கட்டுரை அங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்.

என் படகில் இப்போது தரையில் நாலு இடத்தில் வட்டமான மூடிகள் இருக்கின்றன. திருகித் திறந்தால் ஸ்ட்ரிங்கரைத் தொட்டுப் பார்க்கலாம். "இவ்வளவு கஷ்டப்பட்டு மூடிட்டு ஏன் ஓட்டை போட்டீங்க? அசிங்கமா இருக்கு" என்கிறாள் மனைவி. அசிங்கம்தான். கார்ப்பெட் போடவில்லை. தரையை ஒட்டுவதற்கு முன் ஓட்டின் உட்புறத்தில் மார்க்கரால் தேதி, போட்ட மரம், எத்தனை அடுக்குத் துணி எல்லாவற்றையும் எழுதினேன். இடது ஸ்ட்ரிங்கரின் பின்முனையில் ஒரு அடுக்கு சரியாக ஒட்டவில்லை, அங்கே காற்றுக்குமிழ் இருக்கிறது. அதையும் எழுதியிருக்கிறேன். என்றைக்காவது இதை விற்றால், வாங்க வருகிறவருக்கு முதலில் அந்த மூடியைத்தான் திறந்து காட்டப்போகிறேன். விலையைக் குறைத்துக் கேட்பார். கேட்கட்டும்.