முதலில் படகு, பிறகுதான் அறை

திருநாவலூர்க்காரர்கள் கடல் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். சுற்றிலும் கரும்பும் நெல்லும் விளையும் பூமி. இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் தேனிலவு என்றால் ஊட்டி, கொடைக்கானல், கொஞ்சம் பக்கத்தில் என்றால் ஏற்காடு என்பதுதான் நெடுநாள் வழக்கம். அந்தப் பட்டியலில் மாலத்தீவும் அந்தமானும் இப்போது சேர்ந்துவிட்டன. மாப்பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பார். கூட வேலை செய்பவர் கடல்மேல் கட்டிய வாட்டர் வில்லா வாசலில் நின்று எடுத்துப் போட்ட படம் அவர் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுப் பெரியவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு ஆகும்?" ஏஜெண்ட் சொல்வதும் ஒரே தொகைதான். சிக்கல் அந்தத் தொகையில் இருக்கிறது.

தீவுச் சுற்றுலாவை நம்மவர்கள் அறையின் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஊட்டிக்கு அப்படிப் போனால் பெரிய நஷ்டமில்லை. ஓட்டலில் தோசை விலை அதிகம் என்றால் தெருமுனைக் கடைக்கு நடந்துவிடலாம். மாலத்தீவில் அந்தத் தெருமுனை கிடையாது. 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்த நாளிலிருந்து அந்த நாட்டின் சுற்றுலா வளர்ந்தது ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற முறையில். காலை காப்பி, குழந்தைக்குப் பால், தலைவலி மாத்திரை, கரைக்குத் திரும்பும் படகு என எல்லாமே ஒரே கல்லாவில்தான் பணம் கட்டி வாங்க வேண்டும். சூரை மீனும் தேங்காயும் போக மற்ற உணவுப் பொருள்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, அங்கிருந்து படகில் ஏறி ரிசார்ட்டுக்குப் போகின்றன. விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 300 டாலர் என்று விளம்பரம் சொல்கிறது; பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறிகள். முதல் குறிக்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம்: 330. இரண்டாவது குறிக்குச் சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி. 2023 ஜனவரியில் 12 சதவீதத்திலிருந்து 16 ஆக ஏறி, 2025 ஜூலையில் 17 ஆனது. அதையும் சேர்த்தால் 386. இதற்கு மேல் பசுமை வரி. பெரிய ரிசார்ட்டுகளில் ஆளுக்கு இரவுக்கு 6 டாலராக இருந்ததை 2025 ஜனவரி முதல் 12 ஆக்கிவிட்டார்கள். இருவருக்கு 24. ஆக, 300 டாலர் அறை 410 டாலரில் வந்து நிற்கிறது. இன்னும் மதியச் சாப்பாடே ஆகவில்லை.

அடுத்தது பயணச் செலவு. மாலே விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் ரிசார்ட் வந்துவிடாது. பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட் போட் போதும். தொலைவில் என்றால் சீப்ளேன், அதற்கு ஓர் ஆளுக்குப் போக வர 400 டாலருக்கும் மேல் ஆவது சாதாரணம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு நாள் அறை வாடகையோடு போட்டி போடும் தொகை இது. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் தரையிறங்கும் விமானத்தில் போனவர்கள் அன்றைக்கு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தனியாக ஓர் அறை எடுத்து, மறுநாள் காலையில்தான் தீவுக்குப் போக முடியும். "நான்கு இரவு" பேக்கேஜில் ஓர் இரவு இப்படி ஊர்ப்பேர் தெரியாத ஓட்டலில் கழிவது உண்டு. அதனால்தான் வாகனத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும்: விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, அங்கிருந்து படகா, சீப்ளேனா, அதன் கட்டணம் சொன்ன தொகைக்கு உள்ளேயா வெளியேயா. இவை தெரிந்த பிறகு அறையைப் பார்க்கலாம். தொலைவுத் தீவில் மலிவாகக் கிடைக்கும் வில்லாவைவிட, ஸ்பீட் போட் தூரத்தில் கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்கும் அறை பல சமயம் மொத்தத்தில் குறைவாக முடிகிறது.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் சென்னையை மட்டுமே நினைக்க வேண்டியதில்லை. திருச்சி விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர்தான். அங்கிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து மாலேக்கும் ஸ்ரீலங்கன் விமானங்கள் இருக்கின்றன. சென்னை நெரிசலில் டாக்சிக்குக் கொடுக்கும் பணத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இந்த வழி மோசமில்லை.

ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும் என்று திருநாவலூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரில் பிறந்த சுந்தரரின் கல்யாணம் நின்றதே ஓர் ஓலையால்தான். புத்தூர் மணப்பந்தலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்னிடம் இருக்கிறது என்று வழக்கு வைத்தார். கோபம் வந்த சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தும் விட்டார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளியே வந்தது, தீர்ப்பு கிழவர் பக்கம் போனது. பெரியபுராணத்தில் அது இறைவன் ஆட்கொண்ட கதை. ஏஜெண்ட் விஷயத்தில் அப்படி நல்ல முடிவு வரும் என்று நம்ப முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் வண்ணமயமான படம் படி ஓலைதான். ரிசார்ட் கொடுத்த உறுதிச் சீட்டைக் கேட்டு வாங்கி, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும், சாப்பாடு எத்தனை வேளை, குடிதண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசா, பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வயது வரம்பு முக்கியம். சின்னக் குழந்தைகளை வாட்டர் வில்லாவில் தங்க விடாத ரிசார்ட்டுகள் பல. படிக்கட்டில் இறங்கினால் நேரே கடல், வேலி கிடையாது. அவர்கள் மறுப்பது நியாயம்தான்.

தேதி விஷயத்தில் நம் பஞ்சாங்கமே வழிகாட்டும். தை மாதக் கல்யாணம் என்றால் மாலத்தீவில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்: வானம் தெளிவு, கடல் அமைதி, விலை உச்சம். வைகாசியில் கல்யாணம் வைத்தவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை எதிரே வந்து நிற்கும். ஆவணிக் கல்யாணக்காரர்களுக்கும் மழைக்காலம்தான், ஆனால் அவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர் வரை பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மந்தா திருக்கைகள் இரை தேடிக் கூட்டமாக வரும். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம் அது. நான்கு நாளில் இரண்டு நாள் மழை பெய்தாலும் பரவாயில்லை என்கிற தம்பதிக்கு அந்த மாதங்களில் அறை வாடகையும் இறங்கியிருக்கும். புரட்டாசியில் அசைவம் தொடாத குடும்பமா? முன்கூட்டியே ரிசார்ட்டுக்கு எழுதிச் சொல்லிவிடுவது நல்லது. பெட்டி கட்டும்போது இன்னொன்று: மதுவையும் பன்றி இறைச்சியையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

இவ்வளவும் தம்பதிகளுக்கு. தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேராகப் போகிற குடும்பத்துக்கு மாலத்தீவு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கட்சி. வாட்டர் வில்லாவின் அழகே தனிமைதான். பாட்டிக்கு அந்தத் தனிமை மதியத்துக்குள் சலித்துப்போகும். பேச ஆள் கிடையாது, போய்வரக் கோயில் கிடையாது, டிவியில் தமிழ் சேனல் வருமா என்பதும் சந்தேகம். அந்தக் குடும்பத்துக்குரிய தீவு அந்தமான்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயரைச் சொன்னாலும் ஆட்டோக்காரருக்குப் புரியும், அவர் தமிழிலேயே பதில் சொல்லவும் கூடும். இலங்கையிலிருந்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதி நிகோபார்ப் பக்கம் கச்சல் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டது. வியாபாரத்துக்கும் வேலைக்கும் போய்த் தங்கிவிட்டவர்கள் அதைவிட அதிகம். அதனால் இட்லிக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அங்கே அலைய வேண்டியதில்லை. ஆடம்பரம் வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் உண்டு. ஹேவ்லாக் என்று அறியப்பட்ட ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையில் 2018இல் தாஜ் குழுமம் ரிசார்ட் திறந்தது. அந்தக் கடற்கரைக்கு 2020இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தாத்தாவுக்கு செல்லுலார் சிறை, பிள்ளைகளுக்குக் கண்ணாடி அடிப் படகு, இளசுகளுக்கு ஸ்கூபா என்று ஆளுக்கொன்று கிடைக்கும். பிள்ளைகளிடம் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். பவளத்தையும் சங்கையும் பொறுக்கிப் பையில் போடக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விமான நிலையத்திலேயே பிடிக்கும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஹேவ்லாக்கில் 2010இல் ஒரு வெளிநாட்டுப் பயணி உப்புநீர் முதலைக்குப் பலியானார்.

லட்சத்தீவு? 2024 ஜனவரியில் பிரதமர் மோடி அங்கே போய் வந்த படங்களும், அதைக் கேலி செய்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் பதவியிலிருந்து இடைநீக்கம் ஆனதும் நினைவிருக்கலாம். 2023இல் மாலத்தீவுக்குப் போனவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள், அவர்களுக்கே முதலிடம். அடுத்த ஆண்டு அது ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கோபத்தில் மாலத்தீவு டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் லட்சத்தீவில் அறை தேடியபோதுதான் நிலைமை தெரிந்தது. 36 தீவுகள், மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர், போக அனுமதிச் சீட்டு வேண்டும், அகத்தியின் குட்டி ஓடுதளத்தில் சிறிய விமானங்கள்தான் இறங்கும், கப்பல் என்றால் கொச்சியிலிருந்து. சுஹேலியிலும் கட்மத்திலும் தாஜ் ரிசார்ட்டுகள் வரும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. குடிதண்ணீருக்கே திண்டாடும் பவளத்திட்டுகள் அவை. கூட்டம் மெதுவாகச் சேர்வதே அவற்றுக்கு நல்லது.

மாலத்தீவுதான் வேண்டும், கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த நாடு அனுமதி கொடுத்தது. மாலேக்குத் தெற்கே மாஃபுஷி அப்படி வளர்ந்த தீவு. அங்கே கடை உண்டு, ஓட்டல் உண்டு, மனிதர்கள் உண்டு. சிறிய இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான். மது கிடைக்காது, நீச்சலுடையோடு ஊருக்குள் நடக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு உறுத்தப் போவதில்லை. மூன்று இரவு மாஃபுஷி, ஓர் இரவு மட்டும் ரிசார்ட் என்று பிரித்துக்கொள்ளும் தம்பதிகள் புத்திசாலிகள்.

"கல்வராயன் மலை கண்ணெதிரே இருக்கும்போது கடல் கடந்து ஏன் செலவு?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மேகம் அருவியும் கரியாலூர்ப் படகுத்துறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அருமையானவைதான். ஆனால் இது நியாயமில்லாத ஒப்பீடு. குடும்பத்தோடு நான்கு நாள் தங்க நல்ல அறைகள் அந்த மலையில் எத்தனை இருக்கின்றன? 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் கோடை விழா நடக்கும் நாள்கள் போக மற்ற நாளில் வெளியூர்க்காரர்களின் நடமாட்டம் அங்கே குறைவு. வசதி செய்து தராமல், போகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணம் புரட்டும் வழியைப் பற்றியும் ஒரு கருத்து சொல்லியாக வேண்டும். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினால் காசு கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று அனுபவத்தில் தெரிந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், தனிநபர் கடன் வாங்கித் தேனிலவுக்குப் போய்விட்டு, முதல் குழந்தை பிறக்கும்வரை தவணை கட்டுவது அபத்தம். ஒரு வருடம் முன்பே சீட்டுப் போட்டு எடுத்த பணத்தில் போகலாம். கல்யாண மொய்யை நம்பி அறை பதிவு செய்ய வேண்டாம். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜெண்ட் டிசிஎஸ் என்று முன்கூட்டிய வரியாக ஒரு தொகை பிடிப்பார். அதன் விகிதம் அடிக்கடி மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரை போனது. வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறக்கூடிய பணம் அது. யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்கே தாக்கல் செய்யாத அப்பாவின் எண்ணில் பிடித்துவிட்டால் பணம் அங்கேயே முடங்கும்.

தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை ஒன்றும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் பின்னால் இருக்கும், இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். டிக்கெட் போடுகிறவர் காலிக் கட்டத்தில் தன் இஷ்டத்துக்கு எதையாவது நிரப்பினால் விமான நிலைய கவுன்டரில்தான் அது தெரியவரும். மணப்பெண் கல்யாணத்துக்குப் பிறகு அவசரமாகப் பெயர் மாற்ற வேண்டியதில்லை. பழைய பெயரிலேயே டிக்கெட் எடுத்து, அது பழைய பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போனால் போதும். மாலத்தீவுக்கு இந்தியர்களுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணி விவரப் படிவத்தை மட்டும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

அந்தமானுக்குப் போகிற பெரிய குடும்பங்கள் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் கிளம்பிவிடுவது உத்தமம். மே மூன்றாம் வாரத்தில் பருவமழை அங்கேதான் முதலில் கால் வைக்கிறது. அதன் பிறகு கடல் கொந்தளித்தால் ஸ்வராஜ் தீவுப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். கடைசி இரவை ஸ்வராஜ் தீவிலேயே கழித்துவிட்டு மறுநாள் காலைப் படகைப் பிடித்து நேரே விமானம் ஏறலாம் என்று ஏஜெண்ட் போட்டுத் தரும் திட்டத்தை ஏற்க வேண்டாம். அந்த ஒரு படகு நின்றால் எட்டு டிக்கெட்டும் போச்சு. கடைசி இரவுக்கு ஸ்ரீ விஜயபுரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண ஓட்டல் ஒன்று போதும்.