28 திரெட் இருந்தும் கேம் ஏன் திக்குது?

தர்மபுரி பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண நினைக்கும் மாணவனுக்கு மூன்று வழி. வடக்கே ஓசூரைத் தாண்டிப் போனால் பெங்களூர் எஸ்.பி. ரோடு. தெற்கே தொப்பூர் இறக்கத்தைத் தாண்டினால் சேலம். இன்னும் தூரம் போகத் தயார் என்றால் சென்னை ரிச்சி தெரு. எங்கே போனாலும், வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் தேடினாலும், "கம்மி விலையில் கேமிங் பிசி" என்று கேட்டால் ஒரு சரக்கு எதிரில் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பழைய சர்வரில் இருந்து கழற்றிய இன்டெல் ஜியான் பிராசசர், அதற்காகவே சீனாவில் தயாரான எக்ஸ்99 மதர்போர்டு, கூடவே சர்வர் ரேம்.

"14 கோர், 28 திரெட். இந்த விலைக்கு வேற எங்க கிடைக்கும் தம்பி?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு ஜியான் ஈ5-2680 வி4. 2016-ல் வந்தபோது இன்டெல் பட்டியலில் இதன் விலை 1745 டாலர். இன்று பழைய சந்தையில் சில ஆயிரம் ரூபாய். லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற பொருள் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த 14 கோரும் உங்கள் வேலையைச் செய்யுமா?

சர்வர் யாருக்காகச் செய்தது?

ஒரு வங்கியின் சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான பேர் பேலன்ஸ் பார்க்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் சின்ன வேலை, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தம் இல்லாத வேலை. இதற்குத் தேவை ஒரு மின்னல் வேகக் கோர் அல்ல, நிதானமான பல கோர். அதனால் ஈ5-2680 வி4-ன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 3.3. இரவு பகலாக வருடக்கணக்கில் ஓடினாலும் தாங்க வேண்டும். நினைவகத்தில் ஒரு பிட் தவறினாலும் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரேம் வேண்டும். நான்கு மெமரி சேனல், 40 பிசிஐ லேன் எல்லாம் அதற்காகத்தான்.

கேம் அப்படி இல்லை. 60 எஃப்பிஎஸ் வேண்டும் என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லி செகண்டுக்குள் முடிக்க வேண்டும். 144 எஃப்பிஎஸ் என்றால் 7 மில்லி செகண்ட்கூடக் கிடையாது. அதற்குள் எதிரி எங்கே போனான், குண்டு யார்மேல் பட்டது, கிராபிக்ஸ் கார்டுக்கு என்ன கட்டளை போக வேண்டும் என்று வரிசையாக முடிவெடுக்க வேண்டும். முதல் முடிவு தெரியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. பெரும்பாலான கேம்களில் ஒன்றிரண்டு திரெட்தான் இந்தச் சுமையைத் தாங்குகிறது. மற்ற கோர்கள் பாதி நேரம் வேடிக்கை பார்க்கின்றன.

தர்மபுரியில் இருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் ஐம்பது பேர் உட்காரலாம். பைக்கில் இரண்டு பேர்தான். ஐம்பது பேரை ஏற்றிப் போக பஸ் வேண்டும். ஆனால் தேர்வுக்கு லேட்டாகிவிட்ட ஒரு ஆள் பஸ்ஸில் ஏறினால், மீதி 49 சீட் காலியாக இருப்பதால் பஸ் சீக்கிரம் போய்விடாது! கேம் என்பது அந்த லேட்டான ஆள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

1967-ல் ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் சொன்ன விஷயம் இன்றும் அப்படியே பொருந்துகிறது. ஒரு வேலையில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை.

ஒரு கேமின் வேலையில் 60 சதவீதத்தைப் பல கோருக்குப் பிரிக்க முடியும், 40 சதவீதத்தைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கோர் போட்டால் ஒரு கோரைவிட 2 மடங்கு வேகம். 14 கோர் போட்டால்? 2.26 மடங்கு. அவ்வளவுதான். எட்டு கோர் கூடுதலாகப் போட்டதற்குக் கிடைத்த லாபம் 13 சதவீதம்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 2022 ஜனவரியில் வந்த சாதாரண கோர் ஐ5-12400-க்கு 6 கோர், 12 திரெட். அதிகபட்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஜியானின் 3.3-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கிடைத்த 13 சதவீதம் இங்கேயே காலி. அதோடு முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆறு வருட முன்னேற்றம் இருக்கிறது. ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் புதிய கோர் அதிக வேலையை முடிக்கும். ஒற்றைக் கோர் சோதனையில் ஐ5 எட்ட முடியாத தூரத்தில் முன்னால் நிற்பது இதனால்தான். 2022-ல் வந்த ரைசன் 5 5600-ன் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டு ஜியான் போடும் போர்டும் கிடைக்கிறது. 28 கோர், 56 திரெட்! கேமுக்கு இது இன்னும் மோசம். ஒரு பிராசசரில் ஓடும் வேலைக்குத் தேவையான டேட்டா பக்கத்து பிராசசரின் ரேமில் இருந்தால், எடுத்து வர கூடுதல் நேரம் ஆகும். ஏழு மில்லி செகண்ட் கெடுவில் அது பெரிய செலவு.

அப்போ ஹெவி வொர்க்குக்கு?

இங்கேதான் ஜியானுக்கு நியாயம் சொல்ல வேண்டும். பிளெண்டரில் பிராசசரை வைத்து ரெண்டர் செய்வது, பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது, ஒரே மெஷினில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் பழகுவது இதெல்லாம் எளிதாகத் துண்டு போடக்கூடிய வேலை. 95 சதவீதம் பிரிக்க முடியும் என்றால், அதே அம்டால் கணக்கில் 6 கோருக்கு 4.8 மடங்கு, 14 கோருக்கு சுமார் 8.5 மடங்கு. இங்கே கோர் எண்ணிக்கை பேசுகிறது. அப்போதும் ஜியான் ஜெயிக்கிறதா என்றால், புது ஐ5-ம் பழைய ஜியானும் எல்லாக் கோரும் ஓடும் சோதனைகளில் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. கம்மி விலையில் நிறைய ரேம் போட முடிவதுதான் ஜியானின் உண்மையான பலம்.

கல்யாண வீடியோ எடிட்டிங் நம் பக்கத்தில் பல மாணவர்களுக்குக் கைச்செலவுக்கு வழி. இதற்கும் "கோர் அதிகம் இருந்தால் நல்லது" என்று ஜியானைக் கை காட்டுகிறார்கள். ஆனால் கேமராவில் வரும் ஃபைலை விரித்துக் காட்டவும் கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யவும் ஐ5-12400-ன் உள்ளேயே குயிக் சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. ஜியான் ஈ5-ல் அது கிடையாது. அந்த வேலையை ஒன்று கோர்கள் முக்கி முக்கிச் செய்ய வேண்டும், இல்லை கிராபிக்ஸ் கார்டு செய்ய வேண்டும்.

பி.காம். மாணவர்கள் கேட்பது எக்செல். 2007 பதிப்பில் இருந்தே எக்செல் தன் ஃபார்முலாக் கணக்கைப் பல கோருக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் விபிஏ மேக்ரோ ஒரே திரெட்டில்தான் ஓடும். மேக்ரோ ஓடும்போது மீதி 27 திரெட்டும் கை கட்டி நிற்கும்.

சர்வர் சிப் மட்டமானது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. ஏஎம்டி-யைப் பாருங்கள். சர்வருக்கான மூன்றாம் தலைமுறை எபிக்கிலும், டெஸ்க்டாப் ரைசன் 5000-லும் உள்ளே இருக்கும் கோர்ச் சில்லு ஒன்றேதான். சர்வரில் எட்டு சில்லு வரை சேர்க்கிறார்கள், டெஸ்க்டாப்பில் ஒன்றோ இரண்டோ. 2022 மார்ச்சில் சில்லின்மேல் கூடுதல் கேஷ் அடுக்கி மிலன்-எக்ஸ் என்ற சர்வர் வரிசை வந்தது. அடுத்த மாதமே அதே நுட்பத்தோடு 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்து கேமிங் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதற்கு இருந்தது 8 கோர்தான்! வித்தியாசம் தரத்தில் இல்லை, எந்த வேலைக்காக அமைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

விலைச்சீட்டில் வராத செலவுகள்

1. விண்டோஸ்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் ஈ5 வி4 கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் வேண்டும். டிபிஎம் 2.0 இல்லாத எக்ஸ்99 போர்டில் அந்த ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

2. கிராபிக்ஸ்: ஈ5-ல் உள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு பழுதானால் திரையில் எழுத்துகூட வராது. ஐ5-12400-ல் உண்டு. (பின்னால் "எஃப்" போட்ட மாடலில் கிடையாது, கவனம்.)

3. பழைய தலைமுறை: இன்னும் மலிவு என்று ஈ5 வி1, வி2 பக்கம் போகாதீர்கள். அவற்றில் ஏவிஎக்ஸ்2 இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் திறக்கவே திறக்காது.

4. ரேம்: ரெஜிஸ்டர்டு சர்வர் ரேம் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது. நாளைக்கு மெஷினை மாற்றினால் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

5. கரண்ட் பில்: ஜியான் 120 வாட், ஐ5 65 வாட் என்பது பட்டியல் கணக்கு. மொத்த மெஷினும் 100 வாட் கூடுதலாக இழுக்கிறது, தினம் 5 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் 490 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 30 சேர்ந்து 520 ஆனால்? 2022 செப்டம்பர் கட்டணப் பட்டியலில் 490-க்கு 1665 ரூபாய், 520-க்கு 2110 ரூபாய். 30 யூனிட்டுக்கு 445 ரூபாய்! பிறகு விகிதம் கொஞ்சம் மாறியிருந்தாலும், 500-ஐத் தாண்டினால் அடி பலமாக விழும் என்பதுதான் விஷயம். வகுப்பில் விளிம்புச் செலவு என்று படிப்பது இதுதான்.

யார் எதை வாங்கலாம்?

கேம்தான் முக்கியம், நடுவில் அசைன்மென்ட், எக்செல், கொஞ்சம் எடிட்டிங் என்றால், சந்தேகமே வேண்டாம். ஆறு கோர் டெஸ்க்டாப் பிராசசர், பில்லோடு, வாரண்டியோடு. கையில் பணம் குறைவு என்றால் கோர் எண்ணிக்கையைத் துரத்தாமல் நல்ல எஸ்எஸ்டி-யும் சுமாரான கிராபிக்ஸ் கார்டும் போட்டால் போதும்.

லினக்ஸ் பழக வேண்டும், விர்ச்சுவல் மெஷின் ஓட்ட வேண்டும், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட வேண்டும், போர்டு மக்கர் செய்தால் தானே நோண்டிப் பார்க்கும் பொறுமை இருக்கிறது என்றால், ஜியான் உண்மையிலேயே லாபம்தான். 2016-ல் பெரிய நிறுவனங்கள் மட்டும் வாங்க முடிந்த பொருள் காரிமங்கலத்து மாணவன் மேஜையில் பாடம் சொல்லித் தருகிறது என்றால் அது நல்ல விஷயம்தானே.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெஷின் என்று ஜியானை வாங்குவதுதான் தப்பு. வருமான வரிப் பாடத்தில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் படித்திருப்பீர்கள். ஒரு லட்ச ரூபாய் மெஷினைப் பத்து வருடம் அப்படித் தேய்த்தால் ஏட்டில் நிற்பது சுமார் 605 ரூபாய். முதலில் வாங்கிய நிறுவனம் அதன் பலனை எடுத்து முடித்துவிட்டது. மிச்சம் இருப்பதை வாங்குபவர், தன் வேலைக்கு அந்த மிச்சம் உதவுமா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பணம் பல வீடுகளில் நகைக் கடனில் இருந்தோ, சீட்டு எடுத்தோ வருகிறது. அடுத்த நான்கு வருடத்துக்கு இன்னொரு மெஷின் கிடைக்காது. கடைக்காரர் "எத்தனை கோர் வேணும் தம்பி?" என்று கேட்டால், "என்ன வேலைக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள். அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.