சிக்கனத்துக்கும் எல்லையுண்டு

2 லட்சம் கிலோமீட்டர் கடந்த காருக்கும் நாம் என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறோம். பிரேக் ஆயிலையோ மறந்துவிடுகிறோம். முன்னதில் அசட்டையாக இருந்தால் நட்டம் நம் பணத்துக்கு. பின்னதில் இருந்தால் ஆபத்து பிறர் உயிருக்கும்தான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். அதனால் அதன் கொதிநிலை குறையும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் நீண்ட சரிவில் இடைவிடாது பிரேக்கை அழுத்தினால், சூட்டில் ஆவிக்குமிழ்கள் உண்டாகிப் பெடல் அடிவரை அமிழ்ந்துவிடலாம், பிரேக் பிடிக்காது. பெரும்பாலான கார்களுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றினால் போதும். செலவும் சொற்பமே.

பழைய வண்டியைப் பேணி ஓட்டுவது நற்பண்பே. ஆயினும் பிறர் பாதுகாப்பில் சிக்கனம் காட்ட நமக்கு உரிமையில்லை. எதிரே வருவோரின் உயிர் நம் காலடியில் இருக்கும் அமானிதம் அன்றோ?