நாய் வேண்டாம், செடி வேண்டாம், குப்பை மட்டும் வெளியே!

உங்கள் அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டை ஒருதரம் நின்று படித்துப் பாருங்கள். லிஃப்ட் பக்கத்தில், கரப்பான்பூச்சிக்கு மருந்தடிப்பவர் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கருக்குக் கீழே இருக்கும். ‘நாய் வளர்க்கக் கூடாது. கேட் அருகே தெருநாய்க்குச் சோறு வைக்கக் கூடாது. மொட்டை மாடியில் தொட்டி வைக்கக் கூடாது. கம்போஸ்ட் கூடவே கூடாது. இப்படிக்கு, செயலாளர்.’

இதே செயலாளர்தான் அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்கில், “நம்ம தெருவுல நாய்த் தொல்லை தாங்க முடியலை, கார்ப்பரேஷன் என்ன பண்றான்?” என்று மைக் பிடிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த நாய்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போடுவது இந்த அசோசியேஷன்தான் என்று யாராவது எழுந்து சொன்னால் அடிக்க வருவார்கள். நான் சொல்கிறேன். அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் ஒன்று. நாய்க்கடி பயம் பொய்யான பயம் இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் கிட்டத்தட்ட 4.8 லட்சம் பேர். ரேபிஸில் இறந்தவர்கள் 43 பேர். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கணிசமான பங்கு குழந்தைகள். ‘வாயில்லா ஜீவன் ஸார், ஒண்ணும் பண்ணாது’ என்று இவர்களிடம் போய் வசனம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் நான் அவர் கட்சி இல்லை.

ஆனால் பயப்படுகிறவருக்குச் சரியான மருந்து கொடுக்க வேண்டும், இல்லையா? நாம் கொடுத்துக்கொண்டிருப்பது தவறான மருந்து.

சென்னை மாநகராட்சி 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. மின்சாரம் பாய்ச்சி. ஒன்று இரண்டு இல்லை, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த வேலை இது. நாய் ஒழிந்ததா? இல்லை. ஏன் ஒழியவில்லை என்பதற்கு விலங்கியல் படிக்க வேண்டாம். என்னைப் போல பி.காம். படித்தாலே போதும். சப்ளை, டிமாண்ட். ஒரு தெருவில் பத்து நாய்க்குச் சாப்பாடு கிடக்கிறது என்றால் அங்கே பத்து நாய் இருக்கும். பத்தையும் பிடித்துக்கொண்டு போனால், பக்கத்துத் தெருவிலிருந்து பத்து வரும். அதுவும் ஊசி போடாத, கருத்தடை ஆகாத, நம் தெருப் பிள்ளைகளைப் பார்த்தே பழக்கமில்லாத பத்து. நாயின் கர்ப்பகாலம் ஒன்பது வாரம். லாரி போய் வருவதற்குள் காலியிடம் நிரம்பிவிடும்.

இதனால்தான் ஆளைக் கொல்லாமல் கணக்கைக் குறைக்கும் வழிக்கு வந்தார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு வெட்டி, பிடித்த இடத்திலேயே விடுவது. 2001-ல் இதற்கு மத்திய அரசு விதிகள் வந்தன. 2023-ல் புது விதிகள் வந்தன. வழி சரி, நடை போதவில்லை. 2018 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 57,000 தெருநாய்கள். 2024-ல் சுமார் 1.8 லட்சம். அதில் கருத்தடை ஆனவை முப்பது சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. ரேபிஸ் சங்கிலி அறுபட நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசியை ஒழுங்காகப் போட்ட கோவா, 2021-ல் ரேபிஸ் கட்டுப்பாட்டில் உள்ள மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கேயும் தெருநாய்தான் ஸார், புலி இல்லை.

சரி, பத்து நாய்க்கான சாப்பாடு எங்கிருந்து வருகிறது? சோறு வைக்கும் அந்த ரெண்டாவது மாடி மாமியின் கிண்ணத்திலிருந்தா? அது ஒரு வேளை, இரண்டு நாய். மீதி நம் வீட்டிலிருந்துதான். நேற்றைய சாம்பார் சாதம், மீன் முள், கோழி எலும்பு, தோல், தொலி எல்லாவற்றையும் ஒரே கேரி பேக்கில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனைத் தொட்டியின் மேல்... கவனியுங்கள், உள்ளே இல்லை, மேல்... வைத்துவிட்டு வருகிறோமே, அதுதான். முடிச்சை அவிழ்க்க நாய்க்கு அரை நிமிஷம்கூட ஆகாது. மிச்சம் போகிற இடம், பல பத்தாண்டுகளாகக் குப்பை மலையாக வளர்ந்த கொடுங்கையூரும் பெருங்குடியும். சென்னை தினமும் ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது.

அந்தச் சமையலறைக் கழிவை வீட்டிலேயே மண்ணாக்க வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் நோட்டீஸ் போட்டுத் தடுக்கிறோம். காய்ந்த இலை ஒரு அடுக்கு, காய்கறித் தோல் ஒரு அடுக்கு, கொஞ்சம் புளித்த மோர். ஓட்டை போட்ட பெயின்ட் வாளி போதும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் உரம். அதைப் போட ஒரு பை, பையில் ஒரு வெண்டைச் செடி. நாயையும் செடியையும் ஒரே நோட்டீஸில் தடை செய்தவருக்குத் தெரியாமலே ஒரு உண்மை தெரிந்திருக்கிறது: இரண்டும் ஒரே கணக்கின் பற்றும் வரவும்தான். தெருவுக்குப் போனால் நாய், மாடிக்குப் போனால் கத்தரிக்காய்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. தெருவிலிருந்து வந்த நாய்கள் இரண்டு. பைக் ஏறிப் பின்னங்கால் ஒடிந்து கிடந்தது செவலை. மழைநீர் வடிகாலில் கத்திக்கொண்டிருந்த குட்டி, கறுப்பி. மாடியில் இருபத்திரண்டு பைகள். இதை வைத்துக் கவிதை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. தென்னை நார்க்கழிவைக் கொட்டி வைத்தால் செவலை அதைக் குளிர்ச்சியான மெத்தை என்று நினைத்துத் தோண்டிப் படுத்துக்கொள்ளும். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த வாளியை கறுப்பி கவிழ்த்துவிட்டு, வீடு முழுக்க அந்த வாசனையோடு திரியும். ஆமணக்குப் புண்ணாக்கை மட்டும் நாய் இருக்கும் வீட்டில் வாங்கவே கூடாது. அதிலிருக்கும் விஷம் நாயைக் கொல்லும். உரக்கடைக்காரர் சொல்லமாட்டார், நான் சொல்லிவைக்கிறேன். நாயின் கழிவைக் காய்கறி உரத்தில் சேர்க்கவும் கூடாது, குடற்புழு வரும்.

‘மாடித்தோட்டம் போட்டால் மாசம் இவ்வளவு மிச்சம்’ என்று ஆசை காட்டுகிறார்களே, அதையும் நம்பாதீர்கள். பை, நார்க்கழிவு, விதை, வேப்பெண்ணெய், பையின் தேய்மானம் எல்லாம் எழுதிப் பார்த்தேன். முதல் வருஷம் ஒரு கிலோ கத்தரிக்காயின் அடக்க விலை மார்க்கெட்டைப் போல மூன்று மடங்கு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்றதே, அந்த ஒரு மாதம் மட்டும் லாபம். மற்றபடி நஷ்டக் கணக்குதான். ஆனால் இதே ஏட்டின் இன்னொரு பக்கத்தில் எங்கள் வீட்டு ஈரக்குப்பை அநேகமாகப் பூஜ்யம். மீன் முள், எலும்பு வகையறா மட்டும் தனி டப்பாவில் மூடிக் காலையில் வண்டிக்கே போகிறது. தெருமுனைத் தொட்டிக்குப் போவது எதுவும் இல்லை. இந்த வரவை எந்த ஆடிட்டரும் எழுதுவதில்லை.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். ‘தளம் தாங்காது ஸார்!’ ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். செம்மண் நிரப்பி நனைத்த 20 லிட்டர் பை முப்பது கிலோவைத் தாண்டும். நார்க்கழிவும் உரமும் கலந்தால் ஏறக்குறைய பாதி. சுவர் ஓரமாக, ஒற்றை வரிசையில் வைத்தால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன். அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. ‘தண்ணி ஒழுகும்!’ பையை நேராகத் தளத்தில் வைத்தால் ஒழுகும்தான். செங்கல் மேல் வையுங்கள், அடியில் தட்டு வையுங்கள்.

‘நாய் வளர்க்கக் கூடாதுன்னு மெஜாரிட்டி தீர்மானம் போட்டாச்சே?’ போட முடியாது. மெஜாரிட்டி இருந்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. தெருநாய்க்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில் சோறு என்பதை ஏற்பாடு செய்யும் பொறுப்பையே 2023 விதிகள் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் வைத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் படிக்கட்டிலும் வாசலிலும் கூடாது என்ற நிபந்தனையோடு. எவ்வளவு நியாயமான விதி! படித்த செயலாளர் எத்தனை பேர்?

கோர்ட்டும் இதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். ஆகஸ்ட் 22-ல் பெரிய பெஞ்ச் அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவை, ஆளைத் தாக்குபவை தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடுங்கள் என்றது. நவம்பர் 7-ல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்களிலிருந்து அகற்றச் சொன்னது. எந்த உத்தரவு வந்தாலும், எந்த லாரி வந்தாலும், நம் கேரி பேக் நாளைக் காலையும் தெருமுனையில் இருக்கும் என்பதை எந்த நீதிபதியாலும் மாற்ற முடியாது.

இப்போது நம் கட்சிக்காரர்கள் பக்கம் திரும்புகிறேன். தினமும் பிஸ்கெட் போட்டுவிட்டு, அந்தப் பெட்டை வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போடுவதை வேடிக்கை பார்க்கும் அன்பரே, உங்கள் அன்பு அரைகுறை அன்பு. சோறு போடுகிற கைதான் ஊசிக்கும் பிடித்துக் கொடுக்க வேண்டும். உங்களை நம்பித்தானே அது பக்கத்தில் வருகிறது? மாநகராட்சி ஆளைக் கண்டால் ஓடுகிறது. சைபீரியா நாயை ஏ.சி. ரூமில் வைத்து வளர்க்கும் கனவானே, உங்களுக்கும் உண்டு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியவை தெருநாய்கள் அல்ல. சொந்தக்காரர் உள்ள ராட்வீலர்கள். சங்கிலியும் வாய்மூடியும் போடாத உரிமையாளருக்கும் சேர்த்துத்தான் தெருநாய் கல்லடி வாங்குகிறது.

ஆகவே தடை போடுவதை விட்டு, விதி போடுங்கள். வளாகத்தைச் சுற்றியுள்ள நாய்களை எண்ணுங்கள். காது வெட்டு இல்லாதவற்றைக் கணக்கெடுத்து மாநகராட்சிக்கு எழுதுங்கள், அறுவை சிகிச்சைக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு பங்கு கொடுங்கள். நுழைவாயிலுக்குப் பெயின்ட் அடிக்கும் காசில் முடியும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வருஷா வருஷம் ஊசிச் சான்றும் கேளுங்கள். மாடியில் ஒரு ஓரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்கி, ஒழுகினால் வைத்தவர் செலவு என்று எழுதுங்கள். ஈரக்குப்பை கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அதற்குக் கை தூக்கட்டும் அந்த மெஜாரிட்டி.

இதையும் போர்டில் ஒட்டுங்கள்: யாரையாவது, எந்த நாயாவது கடித்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஊசி இலவசம், முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்களில். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. அந்த பயத்தில் இன்னமும் மஞ்சள் பூசி, மிளகாய்ப்பொடி வைத்து வீட்டில் உட்கார்ந்து உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘நாய் வளர்க்கக் கூடாது’ என்பதை விட இந்த ஒரு நோட்டீஸ் உங்கள் வளாகத்தில் நிஜமாகவே ஒரு உயிரைக் காப்பாற்றலாம். ஆணி வேண்டுமானால் நான் தருகிறேன்.